ஒரே முறை எரிந்த அடுப்பு

என் வழிகாட்டிப் பேராசிரியரின் அறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. நான் வரைந்ததுதான். வரிசையாகப் பதினோரு அடுப்புக்குழிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண். எல்லோரும் குனிந்து ஊதிக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் அள்ளி முடிந்த கொண்டை. தூரத்தில் ஓர் ஆண் தோளில் மானைப் போட்டுக்கொண்டு, தன் வேலை முடிந்துவிட்ட மிதப்பில் நடந்து வருவான். பேராசிரியருக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். அறைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் "பாருங்கள், பதினோரு குடும்பம், பதினோரு சமையலறை" என்பார்.

நான் சேந்தமங்கலத்தில் குடியிருக்கிறேன். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். நாற்பது வயதை நெருங்கும்போது சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்கு முனைவர் பட்ட ஆசை வந்தது. பகுதி நேர ஆய்வு, தலைப்பு கொல்லிமலையின் கற்கால அடுப்புகள். ஆறு வருடம் ஓடிவிட்டது. நீட்டிப்பு இரண்டு தடவை வாங்கியாயிற்று. அந்த வருடம் ஆடிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். கொடுக்க வேண்டுமென்றால் பேராசிரியர் கையெழுத்து வேண்டும். அவர் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் பதினோரு சமையலறையை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குள் எனக்கு அந்தப் பதினோரு பெண்களின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அடுப்புகள் கிடைத்தது மலைக்கு மேலே, வாசலூர்பட்டியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளித் தோட்டத்தில். நிலக்காரர் கிழங்கு பிடுங்கும்போது கரி கலந்த மண்ணும் வெடித்த கற்களுமாக வந்திருக்கின்றன. வழவழவென்று தேய்த்த கல் கோடாரி ஒன்றும் கிடைத்தது. அதை அவர் வரப்போர மரத்தடியில் வைத்து மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டுவிட்டார். மலையில் இது வழக்கம்தான், பழங்காலத்துக் கோடாரி கிடைத்தால் சாமியாகிவிடும். எங்களிடம் கிடைத்திருந்தால் ஓர் எண்ணாகி அட்டைப்பெட்டிக்குள் போயிருக்கும். கோடாரிக்கு எது மேல் என்று நான் கருத்துச் சொல்ல மாட்டேன்.

அனுமதி வாங்கிக் குழி வெட்டினோம். பானை ஓடு ஒன்றுகூட வரவில்லை. அந்த மனிதர்கள் பானை இல்லாமல் சமைத்தவர்கள். முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்து, அடியில் கற்களைப் பரப்பி, மேலே தீ மூட்டுவார்கள். கல் நன்றாகப் பழுத்ததும் தணலை ஒதுக்கிவிட்டு, கிழங்கையோ கறியையோ இலையில் சுற்றி உள்ளே வைத்து, மேலே இலையும் மண்ணும் போட்டு மூடிவிடுவார்கள். அரை நாள் கழித்துத் திறந்தால் சாப்பாடு. எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை, துலக்கப் பாத்திரமும் இல்லை. கடைசியாகச் சொன்னதற்காகவே அந்தக் காலத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

இதை எங்கள் வீட்டுப் பின்புறம் செய்து பார்த்தேன். ரோடு போட மிஞ்சிய ஜல்லியை அடியில் பரப்பினேன். மழைத் தண்ணீரில் ஊறிய ஜல்லி. தீ ஏறியதும் பட்டாசு மாதிரி வெடித்து, பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் போய் விழுந்தது. கிழங்கைப் பதம் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. அவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சாப்பாட்டு விஷயத்தில் அவர் சொல்வதற்கு மேல்முறையீடு கிடையாது.

"வெளிய கரியா இருக்குது. உள்ள பச்சையா இருக்குது. நடுவுல ஒரு எடத்துல நல்லாருக்குது," என்று சொல்லி, அந்த நடு இடத்தை மட்டும் தேடித் தின்றார்.

என் சந்தேகம் அடுப்புக்கு அடியில் இருந்த மண்ணில்தான் தொடங்கியது. தீ எரிகிற இடத்தில் மண் சிவக்கும். தினமும் எரித்தால் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். எங்கள் பதினோரு குழியிலும் சிவப்பு ஓர் அப்பளத்தின் கனம்தான். அதற்குக் கீழே சூடே படாத பச்சை மண். ஒவ்வொரு அடுப்பும் ஒரே ஒரு முறைதான் எரிந்திருக்கிறது. எந்தக் குடும்பமாவது ஒரே ஒரு வேளை சமைத்துவிட்டு ஆயுள் முழுக்கப் பட்டினி கிடக்குமா?

பேராசிரியரிடம் சொன்னேன்.

"மழை அரித்திருக்கும் அம்மா."

"மேலே சாம்பல் அப்படியே இருக்குதுங்க சார். சாம்பலை விட்டுவிட்டு அடியில் இருக்கிற மண்ணை மட்டும் மழை எப்படி அரிக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் இல்லாதபோது செய்வது அது. "சரி, ஒரே முறை எரித்தார்கள் என்றே வைத்துக்கொள். கல்லெல்லாம் சுமந்து, குழி வெட்டி, ஒரு தடவை சமைத்துவிட்டு எவனாவது விட்டுவிட்டுப் போவானா? அடுத்த தடவைக்குப் பக்கத்திலேயே புதுக் குழி வெட்டுவானா? அப்படி ஒரு ஆளைக் காட்டு. அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்."

இந்தக் கவலையோடு மறுபடி மலைக்குப் போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே போனால் கவலை தெரியாது, வாந்திதான் தெரியும். வரப்பில் உட்கார்ந்து நிலக்காரரிடம் புலம்பினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட, நாங்க அப்பிடித்தானுங்க பண்றோம்," என்றார்.

அறுப்பு முடிந்து மாசியில் அவர்கள் ஊர்ச் சாமிக்கு விருந்து வைப்பார்கள். சோலைக்குள் ஒரு மேட்டில். பங்காளி ஒவ்வொருவரும் தனித்தனியாகக் குழி எடுத்து, கல் பழுக்க வைத்து, கிடாயின் தலையையும் ஈரலையும் இலையில் சுற்றிச் சுட்டுச் சாமிக்குப் படைப்பார்கள். மீதிக் கறி அண்டாவில் வேகும். மறு வருடம் பழைய குழியைத் தொட மாட்டார்கள், பக்கத்தில் புதுக் குழி. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது.

"நான் வந்து பாக்கலாமுங்களா?"

"ஐயோ, பொம்பளைங்க வரக் கூடாதுங்க டீச்சரம்மா. வெட்டறது, சமைக்கறது, திங்கறது எல்லாம் ஆம்பளைங்கதான். அந்தச் சோத்துல ஒரு பருக்கைகூட எல்லைக்கல்லத் தாண்டி வெளிய வரக் கூடாது. வாயக் கொப்பளிச்சுட்டுத்தான் கீழயே எறங்குவோம்."

நான் நோட்டை எடுத்து 'பெண்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டேன். அவர் மனைவி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கிழங்குக் குச்சி வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஆய்வாளர் அல்லவா, ஆண்களிடம் கேட்டு எழுதிக்கொண்டால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரே வழி, வீட்டுக்காரரை அனுப்புவது. நிலக்காரர் அழைத்தால் வெளியூர் ஆண் போகலாம். மூன்று நாள் கவிச்சி தொடக் கூடாது என்றதும் வீட்டுக்காரரின் முகம் சுருங்கியது, நான்காம் நாள் கிடாய் என்றதும் விரிந்தது. தாமிரக் கம்பியின் கனத்தை மயிரிழை பிசகாமல் அளக்கிறவர், மண்ணின் கனத்தை அளக்கத் தெரியாதா என்று நம்பினேன். இருபத்தெட்டுக் கேள்வி எழுதி, நோட்டு, அளவுகோல், மண் சுரண்டும் கரண்டி எல்லாம் பையில் போட்டுக்கொடுத்தேன். குழி எவ்வளவு ஆழம், கல் பழுக்க எவ்வளவு நேரம், அடியில் மண் எவ்வளவு சிவந்திருக்கிறது. இந்தக் கடைசிக் கேள்விக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் திரும்பினார். முகமெல்லாம் புகை, கண் சிவப்பு, பரம திருப்தி. நான் நோட்டைப் பிடுங்கிப் பிரித்தேன். எண்ணெய் ஊறிப் பாதிப் பக்கம் கண்ணாடியாகியிருந்தது. முதல் பக்கத்தில் 'மிளகு தூக்கல். அருமை' என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் 'உப்பு முதல் அண்டாவில் சரி, இரண்டாவதில் கம்மி'. மூன்றாம் பக்கத்தில் 'ஈரல் இலையில் சுட்டது. சொல்லி முடியாது'. சொல்லி முடியாததைச் சொல்லத்தானே ஐயா உங்களை அனுப்பினேன்! நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு வரி உருப்படியாக இருந்தது. 'சமைத்தவர்களே குழியை மூட வேண்டும்.'

"மண்ணு எவ்வளவு செவந்துதுன்னு பாக்கவே இல்லீங்களா?"

"அறுவது பேருக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்தேன். குழம்பு கூட்டறதுக்கு என்னையக் கூப்புட்டாங்க. கை நல்ல கைன்னு சொன்னாங்க. இதுக்கு நடுவுல மண்ண எங்க பாக்கறது?"

எங்கள் வீட்டில் உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாதவர் அறுபது பேருக்குக் குழம்பு கூட்டியிருக்கிறார். ஆத்திரத்தில் நோட்டைப் பட்டென்று மூடினேன். அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். பைக்குள் கைவிட்டு, துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். குழியில் கிடந்த கல். தீயில் விரிசல் விட்டு, ஒரு பக்கம் சிவந்த மண் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உனக்குன்னு கொண்டாந்தேன்," என்றார்.

கோபமெல்லாம் போய்விட்டது. கலியாணமான இத்தனை வருடத்தில் அவர் எனக்கு வாங்கித்தந்த எதைவிடவும் அது பிடித்திருந்தது என்று சொன்னால் மிகையில்லை. ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து, பிரஷ் போட்டுக் கல்லைச் சுத்தம் செய்து, ஓரத்தில் கறுப்பு மையால் எண் எழுதினேன். மறுநாள் காலை நிலக்காரருக்குப் போன் போட்டு நன்றியும் சொன்னேன்.

"கல்லுக்கு ரொம்ப நன்றிங்க."

எதிர்முனையில் அவர், "என்ன கல்லுங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "சோறு கொண்டாரக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. கல்லு என்ன, சோறா?" என்றார். வாயை மட்டும் மூன்று தடவை நன்றாகக் கொப்பளித்தாராம்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நிலக்காரர் மறுபடி கூப்பிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. இனி மழை சரியாகப் பெய்யாவிட்டாலும், மிளகு காய்க்காவிட்டாலும், எவனாவது பைக்கில் விழுந்தாலும் எல்லாம் அவர் தலையில்தான் வரும், வெளியாளை அழைத்துவந்தது அவர். எனக்கு அவமானமாக இருந்தது. என் ஆய்வுக்கு நிலத்தைத் திறந்துவிட்ட மனிதரை ஒரு கல்லால் மாட்டிவிட்டோம். ஊரில் கூடிப் பேசி ஒரு முடிவும் சொன்னார்கள். எடுத்த கல் எடுத்த குழிக்கே போக வேண்டும், கடைசியாகத் தொட்ட கைதான் வைக்க வேண்டும். கடைசியாகத் தொட்டது என் கை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மலைக்குப் போனோம். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நிலக்காரரும் பூசாரியும் நின்றிருந்தார்கள். பூசாரி மற்ற நாட்களில் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அருவிக்கும் படகுத் துறைக்கும் போகிறவர். சட்டைப் பையில் வண்டிச் சாவி தொங்கியது. நிலக்காரரின் மனைவியும் தோளில் கயிறும் கையில் அரிவாளுமாக நின்றார். நான் துண்டைப் பிரித்துக் கல்லைக் காட்டினேன். பூசாரி குனிந்து பார்த்தார்.

"இதென்னங்க எழுத்து?"

"அது... நெம்பருங்க."

"சாமி கல்லுக்கு நெம்பர் போட்டுட்டீங்களா?"

என் வீட்டுக்காரர் இருமலாகச் சிரிப்பை மாற்றினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பூசாரி கொஞ்சம் மஞ்சளைக் குழைத்து எண்ணின் மேல் பூசி, "செரி, போய் வெச்சுட்டு வாங்க," என்றார்.

"நான் எல்லையத் தாண்டலாமுங்களா? பொம்பளைங்க..."

பூசாரி பதில் சொல்லும் முன் நிலக்காரரின் மனைவி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "ஏனுங்க டீச்சரம்மா, விருந்து அன்னிக்கு ஒரு நாளுதானுங்க போகக் கூடாது. மிச்ச நாளெல்லாம் அது வெறுங் காடு. நாங்க வெறகு பொறுக்கறதே அங்கதானுங்க. அவிங்க பாதி எரிஞ்ச கட்டைய விட்டுப்போட்டு வருவாங்கல்ல, மக்யா நாளு விடிஞ்சதும் நாங்க போயி அள்ளிக்கிட்டு வருவோம். நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போயிருப்பனே. நீங்க என்னையக் கேக்கவே இல்லீங்களே."

மூன்று நட்சத்திரம், இருபத்தெட்டுக் கேள்வி, அடிக்கோடு எல்லாம் ஒரே நேரத்தில் என் கண் முன்னால் வந்து நின்றன. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. பெண்கள்தான் சமைத்தார்கள் என்று படம் வரைந்தவள், ஒரு பெண்ணிடம் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவர் முன்னால் நடக்க நான் பின்னால் போனேன். மற்றவர்களும் வந்தார்கள். மேட்டில் மரங்களுக்கு நடுவே வரிசை வரிசையாகக் குழிகள். புதியவை மண் மேடாக, பழையவை லேசான பள்ளமாக. கற்களைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். என் கிழங்குக் காட்டுக் குழிகளை யாரோ பேர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்த மாதிரி இருந்தது. அந்த அம்மா அரிவாள் நுனியால் காட்டிக்கொண்டே போனார்.

"இது இந்த வருசத்துது. இது போன வருசம். அதோ அது எங்க மூத்தவ கண்ணாலத்து வருசம். இங்க பாருங்க, நாலே குழிதான் இருக்குதா, இது கொரோனா வருசம். அன்னிக்கு ஆரும் கூடக் கூடாதுன்னுட்டாங்க."

எந்தப் புத்தகமும் தராத காலவரிசை. விறகு பொறுக்குகிற கை ஒவ்வொரு குழிக்கும் வருடம் சொல்கிறது. வீட்டுக்காரர் காட்டிய குழியின் மண்ணை விலக்கி, கல்லை உள்ளே வைத்து மூடினேன். எழுந்தபோது கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஒரே ஒரு பழைய குழியை ஓரமாச் சுரண்டிப் பாக்கலாமுங்களா?"

"தாராளமாப் பாருங்க," என்றார் பூசாரி. "அது இனி எதுக்கு ஆகப் போகுது? எச்சில் எலைதானுங்களே."

"எச்சில் எலையா?"

"பொறவு? சாமி உண்டு முடிச்சுதுல்ல. உண்ட எலையில மறுக்கா சோறு போடுவீங்களா? அதுக்குத்தான் வருசா வருசம் புதுக் குழி."

"அப்பறம் கல்லை எடுத்தது மட்டும் ஏனுங்க தப்பு?"

"எச்சில் எலைய ஆராச்சும் ஊட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவாங்களா?"

ஆறு வருடமாக நான் தேடிய பதில். குழி என்றால் சமையலறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது சாப்பாட்டு இலை. ஒரு வேளைக்கு விரிப்பது, சாப்பிட்டதும் மடிப்பது. பந்தியில் ஆயிரம் இலை பார்த்தவளுக்கு இது தோன்றவில்லை. கற்காலத்து ஆளும் இதே காரணத்துக்காகத்தான் விட்டுப் போனான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் விட்டுப் போவதற்குக் காரணம் இருக்க முடியும், அது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று சொல்லலாம்.

"ஆமா, அன்னிக்கே சொன்னாங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"என்ன சொன்னாங்க?"

"இந்த எச்சில் எலை விசயம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு எழுதல."

நான் அவரைப் பார்த்த பார்வையில் பூசாரியே ஓரடி பின்னால் நகர்ந்தார். என் கையில் கரண்டி இருந்ததும் காரணமாக இருக்கலாம். கொரோனா வருடத்துக் குழியைச் சுரண்டினேன். சாம்பலுக்கு அடியில் சிவப்பு, அப்பளத்தின் கனம். மூத்த மகள் கலியாணத்து வருடத்திலும் அதேதான். என் வீட்டுக்காரர் தப்புக்குப் பரிகாரமாக மண்டியிட்டு உட்கார்ந்து, தாமிரக் கம்பி அளக்கும் கருவியால் ஒவ்வொன்றையும் அளந்து சொன்னார். அளப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இறங்கி வரும்போது, தினமும் எரியும் அடுப்பு எவ்வளவு சிவக்கும் என்று பார்க்க எனக்கு ஓர் இடம் வேண்டும் என்றேன். இந்தத் தடவை அந்த அம்மாவிடமே கேட்டேன். அவர்கள் புதிதாகக் கான்கிரீட் போட்டுத் தார்சு வீடு கட்டி கேஸ் அடுப்பு வாங்கிவிட்டார்கள். பழைய மண் வீட்டில் இப்போது கோழிகள். அதற்குள் கூட்டிக்கொண்டு போனார். மூலையில் மண் அடுப்பு அப்படியே இருந்தது. ஓரமாக வெட்டினேன். சிவப்பு இறங்கியது. இன்னும் வெட்டினேன். இன்னும் இறங்கியது. நான்கு விரல் ஆழம், செங்கல் மாதிரி இறுகிப்போய்.

அந்த அம்மா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். விரலை வைத்துத் தானும் ஒரு தடவை அளந்தார்.

"இத்தன ஆழமுங்களா?" என்றார். அப்புறம், "அடியில இருக்கற ரெண்டு வெரலு எங்க அத்தைதுங்க. மேல இருக்கற ரெண்டு என்னுது. நான் வாக்கப்பட்டு வந்த மக்யா நாளுலருந்து. இதைய ஆராச்சும் அளந்து பாப்பாங்கன்னு நெனைக்கவே இல்லீங்க."

அதில் பெருமையும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது. மேட்டில் பார்த்தது வருடத்துக்கு ஒரு நாள், கை நல்ல கை என்று பாராட்டு, சாமியே நேரில் வந்து சாப்பிடுகிறது. இங்கே நான்கு விரல், கோழிக்கு நடுவில். அழுதுவிடுவேனோ என்று பயந்து போட்டோ எடுக்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டார்.

பேராசிரியர் படங்களை இரண்டு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. எச்சில் இலை என்றதும் அவரே சிரித்துவிட்டார், அவரும் பந்தியில் சாப்பிடுகிறவர்தானே. "சரி, சமையலறை இல்லை. விருந்துக் களம். ஒப்புக்கொள்கிறேன்," என்று பேனாவைத் திறந்தார். திறந்தவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அப்படியானால் அதை மாற்ற வேண்டும். பெண்களை எடுத்துவிட்டுப் பதினோரு ஆண்களைப் போடு. மேட்டுக்குக் கீழே ஓர் எல்லைக்கல்லும் வரைந்துவிடு."

உண்மையைச் சொல்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது. பதினோரு தடியன்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெங்காயம் உரிப்பதை வரைய என் கை துடித்தது. ஆனால் கல்லில் மீசை இல்லை, சாம்பலில் சேலை இல்லை. இன்றைக்கு மேட்டில் ஆண்கள் சமைக்கிறார்கள் என்பதற்காக அன்றைக்கும் அவர்கள்தான் என்று சொன்னால், நான் முதலில் செய்த அதே தப்பு வேட்டி கட்டிக்கொண்டு வருகிறது.

"ஆணும் வேண்டாமுங்க சார். யார் எரித்தார்கள் என்று தெரியாது."

"ஆறு வருடம் ஆராய்ந்துவிட்டுத் தெரியாது என்றா எழுதப் போகிறாய்?"

"ஆமாங்க சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் அந்த வரி இப்போதும் இருக்கிறது: இந்த அடுப்புகள் ஒவ்வொன்றும் ஒரே முறை எரிந்தவை, எரித்தவர்கள் யார் என்பது தெரியவில்லை. படத்திலிருந்து பெண்களையும் மான் தூக்கியையும் அழித்துவிட்டேன். வெறும் பதினோரு குழி. பார்க்கிறவர்கள் பணியாரக்கல்லா என்று கேட்கிறார்கள்.

கையெழுத்து வாங்கிய அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தார். கையில் கறி. "இன்னைக்கு நீ அடுப்புப் பக்கமே வரக் கூடாது. மேட்டுல பண்ணுனது அப்படியே பண்ணித் தாரேன்," என்றார். உப்பு டப்பா எங்கே என்று ஒரு தடவையும், மிளகு எங்கே என்று இரண்டு தடவையும் கேட்டார். குழம்பு பிரமாதம். மனதாரச் சொல்கிறேன், நான் வைப்பதைவிட நன்றாக இருந்தது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்கூட.

மறுநாள் காலை ஹாலில் பேப்பரை விரித்து உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, காப்பி?" என்று குரல் கொடுத்தார். நான் சமையலறைக்குள் போனேன். தொட்டியில் எல்லாப் பாத்திரங்களும் புரண்டு கிடந்தன. அடுப்பைச் சுற்றிக் குழம்பு பொங்கி வழிந்து கருகிய வளையம். அந்த எண்ணெய் நோட்டைத் தேடி எடுத்து, நான்காம் பக்கத்தைப் பிரித்து, பேப்பருக்கு மேல் வைத்தேன். சமைத்தவர்களே குழியை மூட வேண்டும்.

படித்தார். "இது நான் எழுதுனதா?" என்றார்.

"உங்க கையெழுத்துதானுங்க."

எழுந்து போய்த் துலக்கினார். வளையம் நான்கு தேய்ப்பில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் எங்கள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மாசி வந்தால் மலைக்கு மட்டும் தவறாமல் போகிறார், அங்கே அவர் கைக்கு நல்ல பெயர்.

இங்கே தினமும் நான்தான். இருபத்தோரு வருடமாக. கேஸ் அடுப்புக்கு அடியில் மண் இல்லை, கிரானைட் மேடை. எத்தனை வருடம் எரித்தாலும் அது சிவக்காது. பின்னால் வந்து யார் எவ்வளவு தோண்டினாலும் என் பங்கு இத்தனை விரல் என்று அளந்து சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதிவைக்கிறேன். இந்த அடுப்பை எரித்தது நான். தெரியவில்லை என்று எவளும் எழுத வேண்டாம்.